மெத்தை விரிப்பும் வெள்ளாவிப் பானையும்

மெத்தையின்மேல் விரிக்கும் துணிக்கும் ஒரு வரலாறு உண்டா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கோயில், கல்வெட்டு, போர், புலவர் என்று நாம் எழுதாததில்லை. ஒருமுறை படுக்கையறைக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில் பிழையில்லை.

இன்று கடைகளில் 'மேட்ரஸ் புரொடெக்டர்' என்ற பெயரில் ஒரு மேலுறை விற்கிறார்கள். மேற்புறம் பருத்தி, அடிப்புறம் நீர் புகாத மெல்லிய பாலியூரித்தேன் படலம், நான்கு மூலையிலும் இழுநாடா. அதன் தத்துவம் மிக எளிது. மெத்தையைத் துவைக்க இயலாது. ஆதலால் துவைக்கக்கூடிய ஒன்றால் அதை மூடு. இலவம்பஞ்சு மெத்தை நனைந்தால் பஞ்சு கட்டிதட்டிப் போகும். தேங்காய்நார் மெத்தை உள்ளே ஈரம் தேங்கி நாறும். ஃபோம் மெத்தையோ குடித்த நீரை எளிதில் விடாது. கடலும் ஆறும் பக்கத்திலேயே இருக்கும் நம் அரியாங்குப்பம் போன்ற ஊரில் காற்றே உப்பும் ஈரமுமாக வீசுகிறது; பூஞ்சணத்துக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை. ஆகவே மெத்தையைக் காப்பது என்பது இறுதியில் அதன் மேல்துணியைத் துவைப்பதுதான். அந்தத் துணியை இத்தனை நூற்றாண்டுகளாகத் துவைத்தவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நம் இலக்கியத்தில் இதற்கு மிகப் பழைய சான்று நெடுநல்வாடையில் இருக்கிறது. நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை ஒரு தச்சனின் பொறுமையோடு வருணிப்பார். நாற்பது ஆண்டு நிறைந்து, போரில் வீழ்ந்த யானையின் கொம்பில் கால் கடைந்த வட்டக் கட்டில் அது. வேட்டைக் காட்சி பொறித்த விரிப்பு, அதன்மேல் அன்னத்தின் தூவி நிரப்பிய அணை, அணைக்குமேல் தலையணைகள். இவ்வளவும் சொன்னபின் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, கஞ்சியிட்டுக் கழுவி மடித்த வெள்ளைத் துணி ஒன்றை விரிக்கிறார் புலவர். 'காடி' என்பது அவர் ஆளும் சொல். கஞ்சி என்று பொருள். யானைக் கொம்பையும் அன்னத் தூவியையும் வியந்து பேசும் உரைகள் பல உண்டு. நமக்கோ அந்தக் கடைசித் துணியே வியப்பாக இருக்கிறது. அரசியின் உடம்பில் படுவது கொம்புமன்று, தூவியுமன்று. யாரோ ஒருவர் துவைத்து, கஞ்சியில் தோய்த்து, உலர்த்தி, மடித்துக் கொடுத்த கலிங்கம். தூவி அணையைத் துவைக்க முடியாது என்பது அன்றைய அரண்மனைப் பணிப்பெண்களுக்கும் தெரிந்தே இருந்தது.

அந்த 'யாரோ ஒருவர்' நெடுநல்வாடையில் இல்லை. ஆனால் மற்ற சங்கப் பாடல்களில் அவள் வருகிறாள். புலைத்தி என்பது அவள் பெயர். குறுந்தொகையின் 330-ஆம் பாடலில், அவள் பசை தோய்த்து முறுக்கிக் குளத்து நீரில் இட்ட துணியின் திரி, பகன்றையின் கட்டவிழும் வெள்ளைப் பூவுக்கு உவமையாகிறது. நற்றிணையின் 90-ஆம் பாடலில், விழாக் காலத்து ஊரில் துணி மிகுதியால் அவள் கை ஓய்வதே இல்லை. புறநானூற்றின் 311-ஆம் பாடலில் ஔவையார் ஒரு வீரனின் தூவெள்ளை ஆடையைச் சொல்லும்போது, அது களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் அவள் வெளுத்தது என்கிறார்.

இந்தக் களர் நிலம் என்ற குறிப்பைப் பாடவேளையில் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். நல்ல தண்ணீர்க் குளம் இருக்க, ஒன்றும் விளையாத நிலத்தில் கிணறு தோண்டுவானேன்? களர் மண்ணிலும் உவர் மண்ணிலும் சோடியம் கார்பனேட் இருக்கிறது. நாம் சலவைச் சோடா என்று கடையில் வாங்குவது இதைத்தான். எண்ணெய்ப் பிசுக்கையும் வியர்வைக் கறையையும் அது இளக்கிவிடும். உழவன் பாழ் என்று தள்ளிய நிலத்தைச் சலவைக்காரி தன் தொழிற்கூடமாக்கிக் கொண்டாள். இது அறிவு. தலைமுறை தலைமுறையாகச் சோதித்துத் தேறிய வேதியியல் அறிவு. அதை எழுதி வைத்தவர் இல்லை. உவமைக்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

இனி அரியாங்குப்பத்துக்கு வருவோம். ஊரை ஒட்டிய காக்காயந்தோப்பில், ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டை நண்பர்கள் அறிவார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் வடிகால்களும் கொண்ட இரு முற்றங்கள் வெளிப்பட்டன. இவை மெல்லிய பருத்தித் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகளாக இருக்க வேண்டும் என்பது வீலரின் விளக்கம். கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், 'பொதுகே' என்ற துறைமுகத்தைக் குறிக்கிறது. அது அரிக்கமேடே என்பர். அதே நூல் உறையூர்ப் பகுதியின் மெல்லிய துணியையும் பேசுகிறது. தொட்டிகளின் பயன் குறித்து விவாதத்துக்கு இடமுண்டு. ஆயினும் ரோமானிய மதுச்சாடி வந்திறங்கிய கரையிலிருந்து பருத்தித் துணி ஏறிப்போனது என்பதில் ஐயமில்லை. ஏறிப்போகும் துணி எதுவும் தறியிலிருந்து நேராகக் கப்பலுக்குப் போகாது. தறித்துணியில் கஞ்சியும் எண்ணெயும் பஞ்சின் இயற்கை மெழுகும் இருக்கும். அவற்றைப் போக்கினால்தான் அது வெள்ளைத் துணி. அதன்பின்தான் சாயம் பிடிக்கும். நெய்தவருக்கும் விற்றவருக்கும் நடுவில் வெளுத்தவர் ஒருவர் எப்போதும் நின்றிருக்கிறார்.

ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் தாண்டி வருவோம். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறிய காலம் முதல் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே நாடியது துணியைத்தான். அந்தத் துணிகளில் நம் கட்டுரைக்கு உரிய ஒன்று உண்டு. ஐரோப்பியர் அதைப் 'பலம்போர்' என்றனர். 'பலங்க்போஷ்' என்ற பாரசீக வழிச் சொல்லின் திரிபு அது. பலங்க் என்றால் கட்டில், போஷ் என்றால் மூடுவது. கட்டில்மூடி என்று நாம் சொல்லலாம். (வடமொழிப் பரியங்கம் திரிந்துதான் பலங்க் ஆயிற்று, நம் பல்லக்கும் அதே குடும்பம். படுத்துக்கொண்டே பயணம் செய்த நாடல்லவா!) சோழமண்டலக் கரையில் கையால் தீட்டிய சீட்டித்துணியின் உச்சம் இந்தப் பலம்போர். நடுவே பாறைமேட்டில் முளைத்த ஒரு மரம், கிளையெங்கும் உலகில் இல்லாத பூக்கள், சுற்றிலும் கரை. ஒன்பது, பத்து அடி நீளமுள்ளவையும் உண்டு. பாரீசிலும் இலண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் செல்வர் வீட்டுக் கட்டில்களை இவை மூடின.

ஐரோப்பியர் இதை விரும்பியதற்கு அழகு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம், இதைத் துவைக்கலாம் என்பது. அன்றைய ஐரோப்பியப் படுக்கையறைத் துணிகள் கம்பளியும் பட்டும். கம்பளி துவைத்தால் சுருங்கும், பட்டு பொலிவிழக்கும். வெள்ளை லினனைத் துவைக்கலாம். ஆனால் அதன்மேல் தீட்டிய வண்ணம் நில்லாது. வண்ணமும் இருக்க வேண்டும், நீரிலும் நிற்க வேண்டும் என்றால் அதற்கு விடை இந்தியப் பருத்தி ஒன்றுதான். துவைக்கத் துவைக்கச் சிவப்பு தெளிந்து வருகிறது என்பது அவர்களுக்கு மந்திரம்போல் இருந்தது.

மந்திரத்தின் சூத்திரத்தைக் கைப்பற்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் முயன்றார்கள். இருவரின் பதிவும் இன்று நமக்குக் கிடைக்கிறது. முதலாமவர் பொலியே என்னும் கடற்படை அதிகாரி. பிரான்சில் சாயத்தொழிலை மேற்பார்த்த வேதியியலர் துய்ஃபே கேட்டுக்கொண்டபடி, 1734 வாக்கில் புதுச்சேரியில் தம் கண்முன்னே ஒரு துணியைத் தீட்டச் செய்தார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டிக் கையேட்டில் இணைத்தார். இப்படிப் பதினொரு துண்டுகள். பாரீசில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் படி துண்டுகளோடு இருக்கிறது. புதுச்சேரிச் சாயத்தொழிலின் இவ்வளவு நேரடியான சான்று நம்மூரில் ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணினால் பெருமூச்சுதான் வருகிறது.

இரண்டாமவர் கேர்து என்னும் இயேசு சபைப் பாதிரியார். 1767-இல் வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை வில்லியம் ஜோன்சுக்கு முன்பே எழுதியனுப்பியவர் என்று மொழியியல் படித்தவர்கள் இவரை அறிவார்கள். 1742 ஜனவரி 18 என்று நாளிட்ட கடிதத்தில் இவர் சீட்டித்துணி செய்யும் முறையை விரிவாக எழுதினார். தொழிலறிந்த சிலர் புதிதாகக் கிறித்தவம் தழுவியிருந்தனர். அவர்களைத் தனித்தனியே, வெவ்வேறு வேளைகளில் கேட்டு, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததாக அவரே கூறுகிறார். ஆய்வுநெறி என்ற அளவில் அது பாராட்டத்தக்கது. ஞானஸ்நானம் கொடுத்தவரிடம் குலத்தொழிலின் மறைபொருளை மறைக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும் என்பது வேறு கேள்வி.

இவ்விரு பதிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. பலம்போர் என்பது தீட்டிய துணி என்பதைவிடத் துவைத்த துணி என்பதே பொருந்தும். தூரிகையாகப் பயன்பட்ட மூங்கில் எழுத்தாணி துணியைத் தொடும் நேரம் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் நீரும் வெயிலும் கையும்தான்.

தறித்துணி முதலில் வெளுக்கப் போகிறது. வெளுத்து வந்ததைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றும். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர் துணியில் பரவிவிடாமல் தடுக்கும். கருங்கோட்டுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிக்கார நீர். படிக்காரத்துக்கு நிறமில்லை, தீட்டுபவருக்குக் கண்ணில் தெரியட்டும் என்று பதங்கக் கட்டையின் சாறு கொஞ்சம் சேர்ப்பார்கள். பிறகு சாயவேர் இட்டுக் கொதிக்கவைத்தல். இம்பூறல் என்றும் சொல்லும் இச்செடி நம் கடற்கரை மணலில் விளைவது. படிக்காரம் பட்ட இடத்தில் சாயவேரின் சிவப்பு இழையோடு பிணைந்துகொள்ளும். படாத இடத்தில் வெறுமனே ஒட்டியிருக்கும். கொப்பரையிலிருந்து எடுக்கும்போது துணி முழுவதுமே அழுக்குச் சிவப்பாகத்தான் இருக்கும். பூ எது, வெளி எது என்று தெரியாது.

இங்கேதான் வெளுப்பவரின் கை வேண்டும். ஆட்டுப் புழுக்கை கரைத்த நீரில் துணியை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் துவைத்து, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். மறுநாளும் அப்படியே. நாட்கணக்கில் இது நடக்கும். புழுக்கையில் உள்ள பாஸ்பேட் உப்புகளும் பிறவும் பிணையாத படிக்காரத்தைப் பிடித்து வெளியேற்றுகின்றன. ஈரமும் வெயிலும் சேர்ந்து, பிணையாத நிறத்தைச் சிதைக்கின்றன. பிணைந்த சிவப்பு மட்டும் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெளி வெளுத்து, பூ எழுந்து வரும். அதற்குப் பிறகு நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவது, வெந்நீரில் மெழுகைக் கரைப்பது, மீண்டும் புழுக்கை நீர், மீண்டும் வெயில், மீண்டும் சிவப்பு என்று சுற்று தொடர்கிறது.

ஆட்டுப் புழுக்கை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஐரோப்பிய அச்சுத்துணி ஆலைகள் இதே காரணத்துக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மாட்டுச்சாணத் தொட்டிகளை வைத்திருந்தன. பாஸ்பேட் உப்புகளைத் தனியே செய்து அதற்கு மாற்றாகப் போடக் கற்றுக்கொண்டது பிற்பாடுதான். வெளுப்பதிலும் அவர்கள் நமக்கு முந்தியவர்கள் அல்லர். ஹாலந்தின் ஹார்லெம் நகரத்துப் புல்வெளிகளில் லினன் துணிகளைச் சாம்பல்காரத்திலும் புளித்த பாலிலும் மாறி மாறி ஊறவைத்து மாதக்கணக்கில் விரித்துப் போடுவார்கள். 1785 வாக்கில் பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தொலே குளோரினால் வெளுக்கக் காட்டியதும், 1799-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் வெளுப்புத்தூளுக்குக் காப்புரிமை பெற்றதும்தான் அதை மாற்றின.

இந்தத் துணி ஐரோப்பிய நெசவாளரின் வயிற்றிலடித்தது என்பதையும் மறைக்கலாகாது. பிரான்சு 1686-இல் இதற்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1759-இல். பொலியேவும் கேர்துவும் சூத்திரம் தேடிய ஆண்டுகள் இந்தத் தடைக்குள் அடங்குபவை. விற்கத் தடையான துணியைச் செய்யக் கற்றுக்கொள்வதில் அரசுக்கு ஆர்வம் இருந்தது! தடை நீங்கிய மறு ஆண்டே ஒபெர்காம்ப் என்பவர் பாரீசை அடுத்த ழூயியில் அச்சுத்துணி ஆலை தொடங்கிவிட்டார். இங்கிலாந்தின் 1721-ஆம் ஆண்டுச் சட்டம் உடைக்கு மட்டுமின்றிப் படுக்கைக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் சீட்டித்துணியைத் தடுத்தது. 1775-இல் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக்கின் மனைவிக்கு அன்பளிப்பாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில்துணிகளைச் சுங்கத்தார் பறித்துக்கொண்டனர். கேரிக் கருவூலத்துக்கு எழுதி மன்றாடினார். இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்துணிகளை இன்றும் காணலாம். கேரிக்கின் பெயர் தெரிகிறது, மனைவியின் பெயர் தெரிகிறது, பறித்த துறையின் பெயரும் தெரிகிறது. அத்துணியை வெளுத்தவர் யார்?

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை நீள்கிறது. துணிப்பேரமும் ஒப்பந்தமும் சிப்பமும் அதில் இறைந்து கிடக்கின்றன. வெளுப்புக்குத் துணி போய் வருவது கம்பெனி வணிகத்தின் இன்றியமையாத கட்டம். சென்னையில் கம்பெனித் துணி வெளுப்பவர்கள் குடியிருந்த பகுதியே வண்ணாரப்பேட்டை. கப்பலோ காற்றின் காலத்துக்குக் கட்டுப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ வெயில் இல்லை. வெயில் இல்லையேல் வெளுப்பில்லை.

மழைநாளில் துணி உலராத தவிப்பு இன்னதென்று நமக்குச் சொன்னவர் சேக்கிழார். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர் ஏகாலியர் குலத்தவர். குளிருக்கு அஞ்சும் அடியார் ஒருவரின் கந்தையைப் பொழுது சாய்வதற்குள் வெளுத்துத் தருவதாக வாக்களிக்கிறார். துவைத்து முடித்த வேளையில் மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. மாலையாகிறது. வாக்குப் பொய்த்ததே என்று துவைக்கும் கல்லில் தம் தலையை மோதிக்கொள்ளப் போகிறார். கல்லிலிருந்து இறைவன் கை எழுந்து தடுக்கிறது. பக்தி நோக்கில் இது ஆட்கொண்ட கதை. தொழில் நோக்கில் படித்தால், குறித்த பொழுதுக்குள் துணி தராவிட்டால் உயிரை விடலாம் என்று ஒருவர் எண்ணுமளவுக்கு அந்தப் பொழுது அவரை நெருக்குகிறது. கம்பெனியின் வெளுப்பவருக்குக் கல்லிலிருந்து கை எதுவும் எழவில்லை.

வண்ணார் என்ற பெயரில் வண்ணம் இருக்கிறது. ஆனால் ஊர் அவர்களுக்குத் தந்த இடம் வேறு. சீர், சாவு, தீட்டு, பிள்ளைப்பேறு என்று எதற்கும் அவர்கள் வரவேண்டும். வந்தபின் வாசலில் நிற்கவேண்டும். கூலி பணமாக அல்ல, அன்றாடம் இடும் சோறும் களத்தில் அளக்கும் நெல்லுமாக. தலித் மக்களுக்குத் துவைத்த புதிரை வண்ணாரின் நிலை இன்னும் கீழே. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) ஆரோக்கியம் என்ற புதிரை வண்ணாத்தியின் வாழ்வைச் சொன்னபோதுதான் பல இலக்கிய வாசகர்களுக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிந்தது. தமிழ்நாட்டில் அவர்களுக்கென நலவாரியம் அமைந்தது 2009-இல். மனித உடம்பு படுக்கையில் விடும் எல்லாவற்றையும், குருதியை, மூத்திரத்தை, நோயின் சீழை, தொட்டுத் தூய்மையாக்கித் தந்தவரைத் தீண்டத்தகாதவர் என்றது அந்தத் துணியிலேயே படுத்துறங்கிய சமூகம். இதைவிடப் பெரிய நன்றிகெட்டதனம் நம் வரலாற்றில் தேடினாலும் கிடைப்பது அரிது.

புதுச்சேரியின் ஆலைத் தொழிலாளர்க்கு ஒரு நாள் உண்டு. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள், நினைவுகூரத்தான் வேண்டும். 1898-இல் தொடங்கிய ரோடியர் ஆலை 2020-இல் மூடப்பட்டபோதும் செய்தித்தாள்கள் எழுதின. துறையில் நின்று துவைத்தவர்களுக்கு அப்படி ஒரு நாளும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. வெள்ளாவிப் பானைகள் ஒவ்வொன்றாக அவிந்தன.

வெள்ளாவியைப் பார்த்திராத இளைய வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்வோம். துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிந்து, அடுப்பின்மேல் பதித்த பெரிய பானையின் வாயைச் சுற்றிக் கூம்பாக அடுக்குவார்கள். அழுக்கு மிகுந்த முரட்டுத் துணி கீழே, மெல்லிய துணி மேலே. மேலே கனத்த துணியால் மூடிவிட்டு அடியில் தீ மூட்டுவார்கள். பானை நீர் கொதித்து எழும் ஆவி அடுக்கின் ஊடாக மெல்ல ஏறும். மாலையில் மூட்டினால் விடியும்வரை. உவர்க்காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப்பிசுக்கைச் சோப்பாகவே மாற்றிவிடும். பேன், ஈர், மூட்டைப்பூச்சியின் முட்டை எதுவும் தப்பாது. விடிந்ததும் கழுதைமேல் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, அலசி, உலர்த்தி, கஞ்சி. பழுப்பு தெரியாதிருக்க நீலம். அதற்கான செயற்கைத் தூளைச் செய்து 1828-இல் பரிசு பெற்றவரும் கிமே என்ற பிரெஞ்சுக்காரரே.

இன்றைய மெத்தை மேலுறை கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான், சில விலக்குகளோடு. படுக்கையில் வாழும் தூசிப்பூச்சிகள் சாக அறுபது பாகை வெப்பம் வேண்டும் என்கிறார்கள். ஆனால் அடிப்புறத்துப் பாலியூரித்தேன் படலம் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது உறைக்கு உறை மாறும். தைத்திருக்கும் சீட்டைப் பார்த்தே துவைக்க வேண்டும். வெளுப்புத்தூள் படலத்தை அரிக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் பருத்தியின்மேல் படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். இஸ்திரி கூடாது, முறுக்கிப் பிழிவதும் கூடாது. நீர் புகாத துணியை எந்திரத்தில் அதிவேகமாகச் சுழற்றினால், உள்ளே சிக்கிய நீர் ஒருபக்கமாகச் சேர்ந்து எந்திரமே நிலைகுலையும். மெதுவான சுழற்சியே போதும். கடும் வெயிலில் நெடுநேரம் போட்டால் படலம் வெடிக்கும். நிழலோடு கூடிய காற்று நல்லது. ஈரம் முற்றும் போனபிறகே மெத்தையில் விரிக்க வேண்டும். நம் ஊர் நீர் உப்புநீராயின் சோப்பு நுரைக்காது. நுரை வராததற்காகத் தூளை அள்ளிப் போடுவதைவிட இன்னொருமுறை அலசுவது மேல். வெள்ளாவிக்கு நம் மேலுறை ஓர் இரவும் தாங்காது என்பதையும் சொல்லிவிடுவோம். நக்கீரர் காட்டும் கலிங்கம் தாங்கியிருக்கும்.

அந்தச் சீட்டில் எழுத்தைவிடக் குறிகளே மிகுதி. தொட்டி என்றால் துவைத்தல், முக்கோணம் என்றால் வெளுப்புத்தூள், சதுரம் என்றால் உலர்த்தல். குறுக்கே கோடு இருந்தால் கூடாது. எம்மொழியினரும் படிக்கட்டும் என்று இக்குறிகளை முறைப்படுத்திய பன்னாட்டுச் சங்கம் 1963-இல் பாரீசில் அமைந்தது. அதற்கு மிக முன்பே நம்மூரில் வேறொரு குறிமுறை இருந்தது. வண்ணான் குறி என்பார்கள். சேங்கொட்டையின் கறுத்த பாலை ஊசி முனையால் தொட்டுத் துணியின் ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டு கோடு, ஒரு வளைவு என்று வீட்டுக்கொரு குறி இடுவார்கள். உவர்மண்ணுக்கும் ஆவிக்கும் கல்லுக்கும் அது அழியாது. அடையாளம் தெரியாத பிணத்தின் உடையில் அந்தக் குறியைக் கொண்டு காவல்துறையினர் ஆளைக் கண்டறிந்ததும் உண்டு. எழுத்தறியாதவர் என்று ஊர் எண்ணியவர், நூற்றுக்கணக்கான வீடுகளின் குறிகளை நினைவில் வைத்திருந்து, கலந்து கிடந்த வெள்ளைக் குவியலிலிருந்து அவரவர் துணியைப் பிரித்துக் கொடுத்தார்.

பாட்டி காலத்துப் பருத்தி விரிப்போ மெத்தையுறையோ வீட்டுப் பெட்டியில் கிடந்தால், நண்பர்கள் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்க்கலாம். துணி பழுத்திருக்கும், இழை விட்டிருக்கும். புள்ளியும் கோடும் கறுப்பாகவே இருக்கும்.